லாண்ட் ரோவரில் ஒரு ஹோல்டன் யந்திரம்

1958-ல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த இரண்டாம் வரிசை லாண்ட் ரோவர், ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைகளிலும் செம்மண் பாதைகளிலும் அயராது உழைத்தபோதிலும், அதன் 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் யந்திரம் அந்த விசாலமான தேசத்தின் நெடுந்தூரங்களுக்குப் போதாது என்று கருதியவர்கள் பலர். அவர்கள் நாடியது, அந்நாட்டிலேயே தயாரான ஹோல்டன் காரின் ஆறு சிலிண்டர் யந்திரத்தை. அதன் உதிரிப் பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைத்தன. 1966-ல் வந்த 186 கன அங்குல வகையில் சக்தியும் கணிசமாக அதிகம்.

ஆனால், ஒரு தொழிற்சாலையின் யந்திரத்தை மற்றொன்றின் கியர் பெட்டியோடு பிணைப்பது சாமானியமான காரியமன்று. இரண்டின் போல்ட் துவாரங்களும் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே இடையே ஓர் இணைப்புத் தகடு அவசியமாகிறது. கியர் பெட்டித் தண்டின் முனை, யந்திரத்தின் கிராங்க் தண்டு நடுவிலுள்ள சிறிய புஷ்ஷில் அமர்ந்து சுழல்வதால், அத்தகடு மயிரிழை விலகினாலும் புஷ்ஷும் பேரிங்கும் விரைவிலேயே தேய்ந்துபோகும். இந்த மையப் பொருத்தத்தில்தான் தொழிலாளியின் உண்மையான சாமர்த்தியம் வெளிப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். நீண்ட யந்திரத்துக்கு இடங்கொடுக்க ரேடியேட்டரை முன்னே நகர்த்துவதும், முன் அச்சு துள்ளும்போது எண்ணெய்த் தொட்டியில் இடிக்காமல் பார்த்துக்கொள்வதும் வேறு இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும், கூடிய சக்தியைத் தாங்க வேண்டியவை பழைய கியர்களும் மெலிந்த பின் அச்சுத் தண்டுகளுமே. பாறைச் சரிவில் சக்கரம் சிக்கிய சமயத்தில் ஆத்திரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், அநேகமாக முதலில் முறிவது அத்தண்டுதான்.