85 சதவீதம் யார் கைக்கு வரும்?

நகைக் கடனுக்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் வாசகர் கடிதங்கள் பலவற்றில் ஒரே குழப்பம்: நகை மதிப்பில் 85 சதவீதம் கிடைக்கும் என்று அறிவிப்பில் இருக்கிறது, கடன் கொடுக்குமிடத்தில் அவ்வளவு வராது என்கிறார்கள். இரண்டும் உண்மை. 2025 ஏப்ரலில் வெளியான வரைவு விதிகளுக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகள், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் என்று வரம்பு வகுத்தன. 75-லிருந்து 85-க்கு உயர்ந்ததால் இது ஏழைகளுக்கான சலுகை என்று சொல்லப்பட்டது. உண்மையிலேயே சலுகைதானா என்பதை அதே விதியில் உள்ள இன்னொரு வரிதான் தீர்மானிக்கிறது.

அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டி நகையைத் திருப்புவது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். அந்த வகைக் கடனில், 85 சதவீத வரம்பு முடிவு நாளில் கட்ட வேண்டிய மொத்தத் தொகைக்கு, அதாவது வட்டியும் சேர்ந்த தொகைக்கு. நகையின் மதிப்பு ஒரு லட்சம் என்றால் அசலும் வட்டியும் சேர்ந்து 85,000-ஐத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் ஓராண்டுக் கடன் வாங்கினால் கையில் சுமார் 77,980 ரூபாய் வரும். ‘ரெண்டு வட்டி’ என்று சொல்லப்படும் 24 சதவீதத்தில் வாங்கினால் சுமார் 68,550 ரூபாய்தான். நிதி நிறுவனங்கள் முன்பு அசலை மட்டும் வைத்து 75 சதவீதம் கணக்கிட்டு வந்தன. ஆகவே ஓராண்டுக் கடனில் வட்டி 13.3 சதவீதத்தைத் தாண்டினாலே, 85 என்ற புதிய வரம்பு பழைய 75-ஐவிடக் குறைவான பணத்தைத்தான் தரும்.

இதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. இந்த விதிகளிலேயே கூர்மையான ஏற்பாடு இதுதான் என்பேன். இதுவரை வட்டியின் பாரம் ஓராண்டு கழித்துத் தெரிந்தது, பெரும்பாலும் நகை மூழ்கும் தறுவாயில். இனி கடன் வாங்கும் அன்றே தெரியும்: ஒரே நகைக்கு ஓரிடத்தில் 78,000, இன்னோரிடத்தில் 68,500 என்றால் எங்கே வட்டி கூடுதல் என்பதைச் சதவீதக் கணக்கு தெரியாதவரும் கண்டுகொள்வார். விடப்படும் 15 சதவீதமும் வீணல்ல. தங்கத்தின் விலை இறங்கினால் நகையை ஏலத்திலிருந்து காக்கும் இடைவெளி அது.

நாற்று நடவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உடனே பணம் வேண்டியவரிடம் தொகையைக் குறைப்பது அவரை வட்டிக்கடைக்குத் துரத்தாதா என்பது நியாயமான கேள்வி. ரிசர்வ் வங்கி விதிகள் தெருமுனை அடகுக்கடையைக் கட்டுப்படுத்தா. அது 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்கடைக்காரர்கள் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டத்தை மாநில அரசு கண்டிப்பாக அமல்படுத்தாவிட்டால் இந்த அச்சம் மெய்யாகிவிடும். மாத வட்டி கட்டும் கடனில் முழு 85,000-மும் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், ஆனால் ரெண்டு வட்டிக்கு மாதம் 1,700 தவறாமல் கட்ட வேண்டும். ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வரும், கூலி அடிக்கடி கைக்கு வரும் தொழிலாளிக்கு அது ஒத்துவரலாம். அறுவடையின்போதே காசு பார்க்கும் திராட்சை விவசாயிக்கு ஒத்துவராது. அவருக்கு வேறு வழி உண்டு. கவாத்து முடிந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பன்னீர் திராட்சை அறுவடைக்கு வருகிறது. ஓராண்டுக்குப் பதில் நான்கு மாதத் தவணை கேட்டால், அதே 24 சதவீத வட்டியிலும் கையில் சுமார் 78,700 வரும். தவணையைப் பயிரோடு பொருத்தினால் விதி விவசாயிக்குச் சாதகமாகத் திரும்புகிறது. ஆனால் விளைச்சலோ விலையோ பொய்த்தால் நெருக்கடியும் சீக்கிரம் வரும் என்பதை மறக்கக் கூடாது.

இதை ஊருக்குச் சொல்வது யார்? ஆண்டுதோறும் நிதிசார் கல்வி வாரம் நடக்கிறது, ஆனால் பொறுப்பு கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் உண்டு. கடன் விவரங்களை வட்டார மொழியில் தர வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிறுவன ஊழியர் அல்லாத ஒருவர் சாட்சியாக இருக்கும்போது விளக்க வேண்டும், தவறாக வழிநடத்தும் விளம்பரம் கூடாது என்றெல்லாம் புதிய விதிகள் சொல்கின்றன. அப்படியானால் 85 என்ற எண்ணை மட்டும் பெரிதாகப் போடும் துண்டறிக்கை எந்த வகையில் சேரும்? ஒரு பவுனுக்கு இத்தனை மாதத்தில் இன்ன வட்டிக்குக் கையில் இவ்வளவு, கடைசியில் கட்டுவது இவ்வளவு என்று தமிழில் ஒரு பலகை வைப்பது பத்து முகாம்களுக்குச் சமம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

பழைய கடன்? புதிய விதிகளை ஏற்கும் முன் வாங்கியது பழைய விதிப்படியே முடியும்.

திருப்பி வைக்கலாமா? மொத்தமாகக் கட்டும் கடனென்றால், சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே.

நகைக்கு ரசீது இல்லையே? உங்களுடையது என்ற உறுதிமொழி கொடுக்கலாம்.

கல்லும் செய்கூலியும்? மதிப்பில் சேராது.

பணம் கட்டியும் நகை வரவில்லையா? ஏழு வேலை நாளுக்கு மேல் நிறுவனம் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

ஏலத்தில் மிச்சம்? ஏலப் பணம் முழுதும் வந்த ஏழு வேலை நாளுக்குள் உங்களுக்கே வர வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு தொகைகளை எழுதித் தரச் சொல்லுங்கள்: இன்று கையில் வருவது, கடைசி நாளில் கட்ட வேண்டியது. எழுதித் தர மறுக்கும் இடத்தில் நகையைக் கழற்றாதீர்கள்.