சோப்பின் தலைவிதி கலக்கும்போதே முடிவாகிவிடுகிறது, தெரியுமா?

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதையும் சோப்பாக மாற்றச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே ஒரு கிலோ ஆலிவ் எண்ணெய்க்கோ சுமார் 135 கிராமே போதும், தெரியுமா? கிராம் சுத்தமாக நிறுத்துப் போட்டும் சிலருக்குச் சோப்பு சொதப்பிவிடுகிறது. பெரும்பாலும் கோளாறு அளவில் இல்லை, கலக்கியதில்!

காஸ்டிக் சோடா என்னும் காரம் இருப்பது தண்ணீரில். எண்ணெயோ தண்ணீரோடு ஒட்டாது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில்தான் சோப்பு பிறக்கிறது. கலக்கக் கலக்கத் துளிகள் பொடிப்பொடியாகி அந்த எல்லை விரிந்துகொண்டே போகிறது. இதைவிடப் பெரிய அதிசயம், முதலில் பிறக்கும் துளி சோப்பே எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மீதி வேலையை வேகப்படுத்துகிறது! கரண்டியால் மணிக்கணக்கில் கிண்ட வேண்டியதை ஹேண்ட் பிளெண்டர் சில நிமிடங்களில் முடிப்பது இதனால்தான்.

எப்போது நிறுத்துவது? கலவையை மொண்டு மேலேயே கோடாக ஊற்றிப் பாருங்கள். கோடு அமிழாமல் நின்றால் அதுதான் ‘ட்ரேஸ்’. பாகுக்குக் கம்பிப் பதம் போலச் சோப்புக்கு இது. ஆனால் பொய்ப் பதமும் உண்டு, தெரியுமா? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழிக் குளிரில் ஆறிய எண்ணெயில் செய்தால், வினை நடக்காமலேயே கலவை கெட்டியாகி, பதம் வந்ததுபோல் ஏமாற்றும். நம்பி அச்சில் ஊற்றினால் பிறகு எண்ணெய் தனியே, காரநீர் தனியே பிரிந்து நிற்கும்.

சரியாகக் கலக்காத கட்டியை வெட்டினால் உள்ளே குழிகளில் காரநீர் தேங்கியிருக்கலாம். தோலைப் புண்ணாக்கும், அந்தக் கட்டியைத் தொடவே வேண்டாம். மேலே மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கவலையில்லை. பெரும்பாலும் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு காரம் சேர்ந்து உண்டாகும் சோடா உப்பு.

பாத்திரத்தின் அடிமூலையும் ஓரமும்தான் பலரும் மறக்கும் இடம். அங்கே ஒட்டியிருப்பது கலக்காத எண்ணெய். கலக்கும்போதே வழித்து நடுவில் தள்ளாமல், கடைசியில் சுரண்டி அச்சில் போட்டால் அந்தக் கட்டி பிசுபிசுக்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்! காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அதிகம் கலக்கினாலும் ஆபத்து! அதிலும் வாசனைக்காகக் கிராம்பு எண்ணெய் விழுந்தால் கலவை கண்ணெதிரே இறுகிவிடும். வாசனை சேர்க்கும்போது பிளெண்டரை வைத்துவிட்டுக் கரண்டியை எடுங்கள்.

காற்றின் கதை தெரியுமா? அமெரிக்காவில் 1879-இல் விற்பனைக்கு வந்த ஐவரி சோப்பு தண்ணீரில் மிதக்கும். தொழிலாளி ஒருவர் கலக்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் சாப்பிடப் போனதால் காற்று புகுந்து மிதந்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் ஐவரியைத் தயாரித்த நிறுவனத்தின் ஜேம்ஸ் கேம்பிள் 1863-லேயே மிதக்கும் சோப்பு செய்ததைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்! தெரிந்தே செய்த வேலை அது. நம் வீட்டு அச்சில் தெரியாமல் புகும் காற்றோ வெறும் பொத்தல்தான். பிளெண்டரைச் சாய்வாக இறக்கி, தலையைப் பாத்திரத்தின் அடியில் மெல்லத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள்.