எந்திரத்தை எப்போது நிறுத்துவது?

ஓடுகிற எந்திரத்தை நிறுத்த உற்பத்திப் பிரிவுக்கு மனம் வராது. நிறுத்தாமல் ஓட்டினால் அது ஒருநாள் தானாகவே நின்றுவிடும் என்பது பராமரிப்புப் பிரிவின் கவலை. பல ஆலைகளில் இருவரும் தனித்தனியே அட்டவணை போடுகிறார்கள். இரண்டும் மோதும்போது தள்ளிப்போவது பெரும்பாலும் பராமரிப்புதான். அதையும் ஓர் ஆர்டரைப் போலவே நடத்த வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று குறித்து, ஆர்டர்கள் இருக்கும் அதே அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

ஏற்றியதும் கணக்கே மாறிவிடும். ஓர் எந்திரத்துக்கு 2, 3, 4, 5 மணி நேரம் பிடிக்கும் நான்கு வேலைகள் இருக்கின்றன. 8 மணி நேரத்துக்கு மேல் சர்வீஸ் இல்லாமல் ஓட்டக் கூடாது; சர்வீஸுக்கு 1 மணி நேரம் ஆகும்; தொடங்கிய வேலையை நடுவில் நிறுத்தவும் முடியாது. சின்ன வேலையை முதலில் முடிப்பது பழைய வழக்கம். பராமரிப்பு குறுக்கிடாத ஒற்றை எந்திரத்தில், வேலைகள் முடியும் சராசரி நேரத்தைக் குறைக்க அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் இங்கே 2, 3 முடிந்ததும் 4 மணி வேலை 8 மணி வரம்புக்குள் அடங்காது. சர்வீஸ் செய்து அதை முடித்தாலும், 5 மணி வேலைக்கு முன் மறுபடி ஒரு சர்வீஸ் வேண்டும். எல்லாம் முடிய 16 மணி நேரம். மாறாக 2, 4 செய்து, ஒரு சர்வீஸ், பிறகு 3, 5 என்று அடுக்கினால் 15 மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலைகள் முடியும் சராசரி நேரம் இரண்டிலும் எட்டேகால் மணிதான். வரிசையை மாற்றியதாலேயே ஒரு சர்வீஸ் மிச்சமாகிறது. நான்கு வேலைக்கு இதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். நாற்பது வேலை, பத்து எந்திரம் என்றால் கணினியும் திணறும்.

நூற்பாலைகளில் பராமரிப்புக்கு இயல்பான இடைவெளி ஒன்று உண்டு. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் கவுண்டை, அதாவது நூலின் பருமனை, மாற்றும்போது எந்திரம் எப்படியும் நிற்கும். டிராவலர் மாற்றுவது, ஸ்பின்டிலுக்கு எண்ணெய் விடுவது போன்ற வேலைகளுக்கான நாளும் நெருங்கியிருந்தால், அந்த நிறுத்தத்திலேயே முடித்துவிடலாம். அதனால்தான் பராமரிப்புக்கு ஒரே தேதியைக் குறிப்பதைவிட, முன்னும் பின்னும் சில நாள் நகர இடம் தருவது நல்லது. எந்த எந்திரம் நிற்கிறது என்பதும் முக்கியம். பல ரிங் ஃபிரேம்களில் ஒன்று நின்றால் அதன் நூல் மட்டுமே குறையும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம் நின்றால் பஞ்சு வராமல் கார்டிங் எந்திரங்களும் நின்றுவிடும். எனவே ப்ளோரூமில் கைவைக்கும் முன், கார்டிங்குக்கு அடுத்துள்ள எந்திரங்கள் ஓடுவதற்குப் போதுமான ஸ்லைவரை (கார்டிங்கில் கிடைக்கும் பஞ்சுத் திரியை) கேன்களில் சேர்த்து வைக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பராமரிப்பது? 1960இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பார்லோவும் லாரி ஹன்டரும் இதைக் கணிதமாக வகுத்தார்கள். ஒரு பாகத்துக்கு வயதாக ஆக அது பழுதாகும் வாய்ப்பு கூடவேண்டும். திடீர்ப் பழுதின் செலவு, திட்டமிட்டு மாற்றும் செலவைவிட அதிகமாகவும் இருக்கவேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் முன்கூட்டியே மாற்றுவது லாபம். அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நௌலனும் ஹீப்பும் 1978இல் தந்த அறிக்கை இதில் பெரிய திருப்பம். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 விழுக்காட்டுக்கு வயதைக் கணக்கிட்டு மாற்றுவதால் பயனே இல்லை. நாள்காட்டியைப் பார்த்து எல்லாவற்றையும் பிரித்துப்போடுவது வீண் வேலை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. பேரிங்கின் அதிர்வையும் சூட்டையும் அளந்து, கெடுவதற்கான அறிகுறி தெரிந்ததும் அடுத்த இடைவெளியில் வேலையைச் சேர்ப்பது பல எந்திரங்களுக்குப் பொருந்தும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் நடுவில் பழுது வரும். அப்போது பழுதை மட்டும் சரிசெய்துவிட்டு எந்திரத்தை ஓட்டிவிடாமல், அடுத்த வாரத்துக்குக் குறித்திருந்த பராமரிப்பையும் அந்த நிறுத்தத்திலேயே முடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஃபிட்டர் ஷிப்டில் இருக்கவேண்டும், உதிரிபாகம் ஸ்டோரில் இருக்கவேண்டும். ஆகவே அட்டவணையில் எந்திரத்தின் நேரத்தோடு இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.