சிறு குண்டுகள் சுமக்கும் பெரும் பாரம்

பஸ் வண்டி, அரிசி ஆலை, நீரிறைக்கும் இயந்திரம், மின்விசிறி ஆகியன வெவ்வேறு பணிகளுக்கானவை. ஆயினும், 'பெயாரிங்' என நாம் அன்றாடம் அழைக்கும் போதிகைகளை நம்பியே இவை யாவும் சுழல்கின்றன. அது பழுதடைந்து இரையும்போதே அப்படியொன்று இருப்பது பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. மனித உயிர்களும் பலரது வாழ்வாதாரமும் இச்சிறு பொருளில் தங்கியிருப்பதால், அது எத்தகைய உருக்கினால் ஆனது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

இதன் முக்கியத்துவத்தை இரண்டாம் உலகப் போர் உலகுக்கு உணர்த்தியது. போதிகை உற்பத்தியின் மையமாக விளங்கிய ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகர் மீது, 1943 ஒக்டோபர் 14ஆம் திகதி அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் தாக்குதல் நடத்தின. அன்று ஒரே நாளில் 60 விமானங்களை அமெரிக்கா இழந்தது. போதிகைகள் இல்லையேல் எதிரியின் விமானமும் தாங்கியும் இயங்கா என்ற கணிப்பே இத்தகைய விலையைக் கொடுக்கத் தூண்டியது.

போதிகைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது உயர் காபன் குரோமிய உருக்காகும். இதில் ஏறக்குறைய 1 வீதம் காபனும் 1.5 வீதம் குரோமியமும் உள்ளன. அமெரிக்கர் இதனை 52100 என்றும், ஜப்பானியர் எஸ்.யூ.ஜே. 2 என்றும் குறிப்பிடுவர். காபன் கடினத்தை அளிக்கின்றது. குரோமியமோ அக்கடினம் மேற்பரப்புடன் நின்றுவிடாது உட்புறம்வரை பரவ உதவுவதுடன், காபனுடன் சேர்ந்து தேய்மானத்தை எதிர்க்கும் நுண்துணிக்கைகளையும் உருவாக்குகின்றது. சுமார் 840 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, எண்ணெயில் விரைவாகக் குளிர்வித்து, மீண்டும் 150 முதல் 180 பாகை வரை மிதமாகச் சூடாக்கும்போது, சாதாரண அரத்தினால் அராவ முடியாத கடினத்தை இது பெறுகின்றது.

எனினும் இதற்கும் வரம்புகள் உண்டு. குரோமியம் இருப்பதால் துருப்பிடியாது என எண்ணுவது தவறாகும். துருவை எதிர்ப்பதற்குப் பத்து வீதத்துக்கும் அதிகமான குரோமியம் தேவை. எனவே உப்பு நீர்படும் மீன்பிடிப் படகுகள் போன்றவற்றுக்குக் கறையில் உருக்கினாலான போதிகைகளே ஏற்றவை. கடும் வெப்பத்தில் இவ்வுருக்கு தன் கடினத்தை இழக்கும். இதனை ஒட்டுவேலை செய்ய முற்பட்டால் வெடிப்பு ஏற்படவும் கூடும்.

குண்டும் வளையமும் தொடும் இடம் மிகச் சிறியது. முழுப் பாரமும் அச்சிறு பரப்பிலேயே மீண்டும் மீண்டும் அழுந்துகின்றது. உருக்கினுள் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுத் துணிக்கையொன்று இருந்தாலும் அங்கிருந்து வெடிப்பு தோன்றி, நாளடைவில் மேற்பரப்பு பெயர்ந்துவிடும். இதனாலேயே தரமான உற்பத்தியாளர்கள் உருகிய உருக்கை வெற்றிடத்தில் வைத்து அதிலுள்ள வாயுக்களை அகற்றுகின்றனர். போலித் தயாரிப்புகளில் இத்தகைய தூய்மைக்கு உத்தரவாதம் எதுவுமில்லை. ஆயினும் பளபளப்பிலும் பொதியிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதே இதிலுள்ள ஆபத்தாகும்.

மற்றுமொரு கணக்கையும் வாகன உரிமையாளர்கள் மனங்கொள்ள வேண்டும். குண்டுப் போதிகையின் மீதான பாரம் இரு மடங்காகும்போது அதன் ஆயுள் பாதியாக அல்ல, எட்டில் ஒன்றாகக் குறைகின்றது. உருளைப் போதிகையில் அது ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். அளவுக்கதிகமான பயணிகளையும் பொருட்களையும் ஏற்றுவதால் கிடைக்கும் மேலதிக வருமானத்தின் பெரும்பகுதி பழுதுபார்ப்பில் கரைந்துவிடும். ஓடும் வண்டியின் சக்கரப் போதிகை சிதைந்து விபத்து நேருமாயின் ஏற்படும் இழப்பைப் பணத்தினால் ஈடுசெய்ய முடியாது.

நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குவதும், உரிய கிறீஸை உரிய காலத்தில் இடுவதும், மணலும் நீரும் உட்புகாது காப்பதும் பெரும் செலவை வேண்டுபவையல்ல. இரைச்சலும் சூடும் போதிகை தரும் முன்னெச்சரிக்கைகளாகும். அவற்றை அலட்சியம் செய்து, விலை குறைந்த போலியைப் பொருத்திச் சமாளிக்கும் போக்கு கைவிடப்பட வேண்டும். பயணிகளின் உயிரைப் பொறுப்பேற்றுள்ள வாகன உரிமையாளர்களும், உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்வோரும், அவற்றின் தரத்தைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரிகளும் இதனைத் தமது கடமையாகக் கருதிச் செயற்பட வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.