கியர் போட்டதும் அடியில் ‘டங்’னு சத்தமா? லாரி மலை ஏறும் முன் ஜாயின்ட் கிராஸைப் பாருங்க!

நின்ற லாரியை கியர் போட்டு நகர்த்தும்போது அடியில் இருந்து ‘டங்’னு ஒரு சத்தம். “பழைய வண்டி, அப்படித்தான்” என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக கேரளா போகும் லாரிகளுக்கு அது சாதாரண சத்தம் இல்லை.

காரணம், ரூட். திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-ல் இந்த இரண்டு ஊர்களையும் தாண்டி செங்கோட்டை வரை பெரிய ஏற்றம் கிடையாது. அதன்பிறகு புளியரை எஸ் வளைவில் ஏற்றம், ஆரியங்காவு தாண்டினால் தென்மலை நோக்கி இறக்கம்.

கிராஸ் என்றால் என்ன?

கியர் பாக்ஸில் இருந்து பின் ஹவுசிங்குக்கு சுழற்சியைக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட். பட்டை மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட்டின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கோணத்திலும் சுழற்சியைக் கடத்துவதுதான் கூட்டல் குறி வடிவ யுனிவர்சல் ஜாயின்ட், நம்ம ஊர் பேச்சில் ஜாயின்ட் கிராஸ். நான்கு முனையிலும் ஒரு கப், உள்ளே ஊசி ஊசியாக நீடில் பேரிங். அவ்வளவு சின்ன பொருள்தான் முழு லோடையும் இழுக்கிறது.

இது ஏற்றத்தில் உடைந்தால் இழுவை போகும். இறக்கத்தில் உடைந்தால் இன்னும் மோசம். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது என்பதால் கியர் பிடி போகும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் பயன்படாது. மொத்த பாரமும் வீல் பிரேக் மேல் விழும். அது சூடேறினால் பிடிப்பு குறையும். சுழன்றபடியே கழன்று விழும் ஷாஃப்ட், பக்கத்தில் இருக்கும் ஏர் பைப்பை அடித்தாலும் அடிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு கட்டை போட்டு, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வையுங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், திருகியும் பாருங்கள். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கப்பைச் சுற்றி செங்கல் பொடி மாதிரி துரு இருந்தால், உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

கிரீஸ் கன்னில் இரண்டு அழுத்து அழுத்திவிட்டுப் போவது நிறைய இடத்தில் நடக்கிறது. அது போதாது. நான்கு கப்பிலும் பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறி, புதுசு எட்டிப் பார்க்கணும். ஒரு கப்பில் மட்டும் வரவில்லையா? அதைக் கழற்றிப் பார்க்காமல் லோடு ஏற்ற வேண்டாம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். குவாரி பாதையில் ஓடும் வண்டிக்கு அதைவிட சீக்கிரமே தேவைப்படும். பிரஷர் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம்.

எதை வாங்குவது?

கப்பின் விட்டம், முனைக்கு முனை நீளம் இரண்டும் பழையதோடு அப்படியே பொருந்த வேண்டும். லூஸாக இருந்தால் தகரம் வைத்து ஒட்டவைக்கும் வேலையே வேண்டாம். நிப்பிள் இல்லாத சீல்டு கிராஸ்களும் வருகின்றன. கிரீஸ் வைக்க ஆளும் நேரமும் இல்லாதவர்களுக்கு அது சரி. ஒழுங்காகப் பராமரிப்பவர்களுக்கு நிப்பிள் வைத்ததே நல்லது. போலி பாகங்களும் சந்தையில் சுற்றுவதால் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

புது கிராஸ் பேக்கிங்கில் கொஞ்சம் கிரீஸோடுதான் வரும். மாட்டிய உடனே முழுதாக நிரப்பணும். ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன் இரண்டு துண்டிலும் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுங்கள். குறி மாறி மாட்டினால் இரண்டு முனை கிராஸும் ஒன்றையொன்று சமன் செய்யாது, வண்டி அதிரும், புது கிராஸும் சீக்கிரம் தேயும். முதல் டிரிப் முடிந்து வந்ததும் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.