பெட்ரோல் கலந்த நீரைச் சுத்தம் செய்ய எது சிறந்த வழி?

மாணவர்களே, 2020 செப்டம்பர் மாதம் உங்கள் வீட்டுக் குழாய் வறண்டு போனதா? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ராவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கரைப்பான் வாடை வீசியது. அந்த நீர் சுங்கை சிலாங்கூரில் கலப்பதால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூர் முதல் கிள்ளான் வரை ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் விநியோகம் தடைபட்டது. மக்கள் வாளிகளோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தார்கள். 2019 ஜூலையில் அதே சுங்கை சிலாங்கூரில் டீசல் கலந்தபோதும் நிலையங்கள் மூடப்பட்டன.

சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையே சுத்தம் செய்வதுதானே, பிறகு ஏன் மூட வேண்டும்? படிகாரம் சேற்றைத் திரட்டிப் படிய வைக்கிறது. மணல் மிச்சத்தை வடிகட்டுகிறது. குளோரின் கிருமிகளைக் கொல்கிறது. ஆனால், நீரில் கரைந்துவிட்ட மூலக்கூறுகள் இம்மூன்றிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எம்.டி.பி.இ. எனும் பெட்ரோல் சேர்மானம். எஞ்சினில் பெட்ரோல் சீராக எரிய இதைக் கலப்பார்கள். பகாங், கெபெங்கில்கூட இதைத் தயாரிக்கும் ஆலை உண்டு. பெட்ரோலில் உள்ள பென்சீன் ஒரு லிட்டர் நீரில் 2 கிராம்கூடக் கரையாது. எம்.டி.பி.இ.யோ 40 கிராமுக்கு மேல் கரையும். ஆகவே, நிலத்தடித் தொட்டி கசிந்தால் நீரோடு சேர்ந்து இது வெகுதூரம் பயணம் செய்யும்.

அமெரிக்காவின் சாந்தா மோனிகா நகரம் இதை அனுபவத்தில் கற்றது. கிணறுகளில் எம்.டி.பி.இ. கலந்ததால் 1996இல் அவற்றை மூடியது; நகரின் குடிநீரில் ஏறக்குறைய பாதியை இழந்தது.

இதை அகற்ற மூன்று முக்கிய வழிகள் உள்ளன.

முதலாவது, காற்றூட்டல். உயரமான கோபுரத்தில் நீரை மேலிருந்து சிந்தவிட்டு, கீழிருந்து காற்றைச் செலுத்துவார்கள். கரைந்த பொருள் காற்றுக்குத் தாவும். ஆனால், நீரைவிட்டுக் காற்றுக்குச் செல்லும் நாட்டம் எம்.டி.பி.இ.க்குப் பென்சீனைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால் மிக அதிகக் காற்று தேவை. வெளியேறும் காற்றையும் சுத்தப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, கிளர்வூட்டிய கரி. இதன் 1 கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பு 1000 சதுர மீட்டரை எட்டும். சுமார் 12 பூப்பந்துத் திடல்கள்! மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால், நீரை விரும்பும் எம்.டி.பி.இ. கரியில் இறுக ஒட்டாது. கரி சீக்கிரம் நிறைந்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். இதில் நம் தேங்காய்ச் சிரட்டைக் கரி மற்ற பல கரிகளைவிட நன்றாக வேலை செய்கிறது.

மூன்றாவது, உயர்நிலை ஆக்சிஜனேற்றம். ஓசோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்தால் ஹைட்ராக்சில் எனும் வேகமான துகள் பிறக்கும். அது மூலக்கூற்றையே உடைக்கும். முதல் இரண்டு வழிகளும் நஞ்சை இடம் மாற்றுகின்றன, இதுதான் அழிக்கிறது. ஆனால், வினை பாதியில் நின்றால் வேறு வேதிப்பொருள்கள் மிஞ்சும். நீரில் புரோமைடு இருந்தால் தீங்கான புரோமேட்டும் உருவாகும்.

கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஓரளவு வெளியேறும்தான். ஆனால், எங்கே போகும்? உங்கள் சமையலறைக் காற்றுக்குள்!

அப்படியானால் எது சிறந்தது? நீரில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். சாந்தா மோனிகா கரியைத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும், அதன் முக்கியக் கிணறுகள் மீண்டும் பயனுக்கு வர ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின.

கசிய ஒரு நாள், மீட்க 15 ஆண்டுகள். எனவே, மோட்டார் சைக்கிளின் பழைய எண்ணெயையோ மிஞ்சிய தின்னரையோ வீட்டுக்கு முன்னால் உள்ள கால்வாயில் யாராவது ஊற்றப் போனால் தடுத்து நிறுத்துங்கள். பிரிக்பீல்ட்ஸ் கால்வாயானாலும் கிள்ளான் கால்வாயானாலும் அது போய்ச் சேருமிடம் ஓர் ஆறுதான்.