எண்பது வயதுக்கு எவ்வளவு வைட்டமின் டி?

மருந்துக்கடைகளில் 60,000 யூனிட் வைட்டமின் டி இன்று சர்வசாதாரணமாக விற்கிறது. பாலில் கலக்கிக் குடிக்கும் பொடியாகவும் கிடைக்கிறது, கேப்சூலாகவும் கிடைக்கிறது. உடம்பு வலி என்று போன பெரியவருக்கு, வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு டாக்டர் எழுதித் தந்திருப்பார். சில வீடுகளில் அந்தச் சீட்டு வருடக்கணக்கில் ஓடும். ‘சத்து மருந்துதானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்று யாரும் கவலைப்படுவதில்லை. முதுமையில் இந்த வைட்டமின் அவசியம் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அதை எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதில் ஆய்வுகள் கற்றுத் தந்திருப்பது வேறு கதை.

நம் தோலில் கொழுப்பு வகையைச் சேர்ந்த ஒரு மூலப்பொருள் இருக்கிறது. வெயிலின் புறஊதா பி கதிர் பட்டதும் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்குகிறது. அது கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்த பிறகே உடலுக்கு உதவும். வயது ஏற ஏறத் தோலில் இந்த மூலப்பொருள் குறைகிறது. எண்பது வயதை ஒட்டியவர்களின் தோல், சிறுவர்களின் தோலோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகவே வைட்டமின் டி தயாரிக்கிறது என்று 1985-இல் அமெரிக்காவில் மக்லாக்லினும் ஹோலிக்கும் காட்டினார்கள். சிறுநீரகமும் தளர்ந்துவிட்டால் கடைசி மாற்றமும் மந்தமாகிவிடும். கருத்த தோலுக்கு இயல்பாகவே கூடுதல் நேர வெயில் தேவை. முழங்கால் வலிக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவருக்கோ அந்த வெயிலும் கிடைப்பதில்லை.

‘காலை இளவெயிலில் நின்றால் போதும்’ என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் புறஊதா பி கதிர் தரைக்கு வந்து சேர்வதே அபூர்வம். திருப்பதியில் ஆய்வாளர்கள் அந்த மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்து, வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் மாற்றம் அதிகம் நடந்தது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பலன் இல்லை. கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

வைட்டமின் டி போதாவிட்டால், சாப்பிடும் கால்சியத்தில் சிறு பங்கையே குடல் உறிஞ்சுகிறது. ரத்தத்தில் கால்சியம் குறைவது இதயத்துக்கும் நரம்புக்கும் ஆகாது. அதனால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்கு அனுப்புகிறது. எலும்போடு தசையும் பலவீனமாகும், குறிப்பாகத் தொடையிலும் இடுப்பிலும். நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்றவேண்டியிருக்கும். பேருந்துப் படியில் கால் வைத்தால் உடம்பு மேலே ஏறாது. ‘வயசாச்சுன்னா அப்படித்தான்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவது கீழே விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும்.

இதைத் தடுக்க முடியும் என்ற நம்பிக்கையை முதலில் தந்தது 1992-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு. முதியோர் இல்லங்களில் வசித்த, சராசரி வயது 84 ஆன 3,270 பெண்களில் ஒரு பாதிக்குத் தினமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தார்கள். பதினெட்டு மாத முடிவில் அவர்களிடையே இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்திருந்தது.

தினம் மாத்திரை விழுங்குவது தொல்லை. ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் என்ன? எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களிடம் ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்தார்கள். ஒரே வேளையில் 5 லட்சம் யூனிட். 2010-இல் வந்த முடிவு அனைவரையும் திகைக்க வைத்தது. மருந்து பெற்றவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள். எலும்பு முறிவும் 26 சதவீதம் கூடியிருந்தது. 2016-இல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில், ஏற்கெனவே ஒரு முறை விழுந்திருந்த 200 முதியவர்களை ஆராய்ந்தபோது, மாதம் 24,000 யூனிட் பெற்றவர்களைவிட 60,000 யூனிட் பெற்றவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். கால் வலுவிலும் அவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

வயதில் மூத்தவர்கள் 25,871 பேர் பங்கேற்ற அமெரிக்காவின் ‘வைட்டல்’ ஆய்வு 2022-இல் இன்னொன்றைச் சொன்னது: தினம் 2,000 யூனிட் எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. இதற்கும் பிரெஞ்சு முடிவுக்கும் முரண் இல்லை. அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை. பிரெஞ்சு மூதாட்டிகளோ வெயிலும் சத்தும் போதாமல் இருந்தவர்கள்; கால்சியமும் சேர்த்துப் பெற்றவர்கள். குறை இருப்பவருக்குத்தான் இது மருந்து.

எழுபது வயதுக்கு மேல் தினம் 800 யூனிட் என்பது அமெரிக்க நிபுணர் குழு வகுத்த அளவு. அதாவது 20 மைக்ரோகிராம். டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கடும் குறைபாட்டுக்கு வாரம் 60,000 யூனிட் கொடுப்பது சிகிச்சைதான், ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்ததும் சிறிய அளவுக்கு மாறவேண்டும். வெயிலால் நஞ்சு ஏறாது; தேவைக்கு மேல் உண்டானதைத் தோலே சிதைத்துவிடும். மாத்திரைக்கு அந்தத் தடுப்பு கிடையாது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோகும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

உணவில் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டை மஞ்சள் கருவும் ஓரளவு தரும். சைவர்களுக்கு வைட்டமின் டி செறிவூட்டிய பால் உதவும். இவற்றோடு கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் எரியும் சின்ன விளக்கு, நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சி ஆகியவையும் வேண்டும். இவை இல்லாத வீட்டில் மாத்திரை மட்டும் யாரையும் விழாமல் காப்பாற்றாது.